அண்ணன் வீட்டில் நட்ட கம்பம்

அண்ணன் வீட்டில் காங்கிரீட் போட்ட அறை ஒன்றுதான். மற்றதெல்லாம் சிமெண்ட் அட்டை. பத்துக்குப் பத்து இருக்கும் அந்த அறையில் பீரோ, கிரைண்டர், மூன்று மூட்டை நெல், உடைந்த தையல் மிஷின் ஆகியவற்றோடு நானும் இருந்தேன். பத்து நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று ஐப்பசியில் வந்தவள், சித்திரை வரைக்கும் கிடந்தேன்.

அதற்கு முன்னால் நான் எங்கேயும் ஒரு வருஷம் முழுதாக இருந்தது கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றேன். திருப்பூரில் பனியன் பிசிறு வெட்டினேன். ஓசூரில் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் இருந்தேன். ஒகேனக்கல்லில் இரண்டு சீசன் மீன் வறுத்தேன். கல்யாணம் ஒன்று நடந்து முடிந்தும் போனது. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைசியாக பெங்களூரில், மூன்றாவது மாடியில் இருந்த ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டித் துடைக்கிற வேலை.

அந்தக் கூடத்தில் தரைக்கும் கூரைக்கும் நடுவே ஆறு எவர்சில்வர் கம்பிகள் நின்றன. அதில் ஏறி, சுற்றி, தலைகீழாகத் தொங்கி ஆடுகிற ஆட்டம். ஐ.டி. கம்பெனிப் பெண்கள், டாக்டர் ஒருத்தி, ஐம்பது வயதான ஒரு டீச்சர் எல்லாம் வந்து கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் ஸ்பிரிட் தொட்டுக் கம்பிகளைத் துடைப்பது என் வேலை. ஒரு மத்தியானம் யாருமில்லை என்று நினைத்துத் தொங்கிப் பார்த்தேன். சொல்லிக்கொடுக்கிற பெண் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மைசூர் பக்கத்துப் பெண், என்னைவிட ஆறு வயது சின்னவள். திட்டுவாள் என்று இறங்கினேன். "கைபிடி சரியில்ல அக்கா. தோளைக் காதுகிட்ட விடாதே, கீழே இழு" என்றாள். அன்றிலிருந்து சாயங்கால வகுப்பில் கடைசிக் கம்பி எனக்கு.

எட்டு மாதத்தில் நிறையக் கற்றேன். அவசரமும் கற்றேன். ஒரு நாள் மூன்று மாடிப் படியும் துடைத்து முடித்த களைப்பில், கை ஈரத்தோடு, கீழே மெத்தை போடாமல், பக்கத்தில் ஆள் இல்லாமல், தலைகீழாகப் போகப் பார்த்தேன். இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல். மாவுக்கட்டுப் போட்ட கையால் மாப்பைப் பிழிய முடியாது. அதனால் அண்ணன் வீடு.

கட்டுப் பிரித்த பிறகு, மாட்டுப் பொங்கல் முடிந்து மைசூர்ப் பெண் போன் செய்தாள்.

"சித்திரைல நான் ஊருக்குப் போகணும் அக்கா. ஒரு மாசம் வரமாட்டேன். காலை பேட்ச், புதுசா சேர்றவங்க, அவங்களைப் பாத்துக்க ஒருத்தர் வேணும். ரெண்டு பேரை நெனச்சிருக்கேன். நீ ஒண்ணு."

துடைக்கிற வேலையில்லை, சொல்லிக்கொடுக்கிற வேலை.

"ஆனா காட்டணும். தரையிலிருந்து, காலை உதைக்காம, மெதுவா தலைகீழாப் போகணும். அஞ்சு எண்ற வரைக்கும் நிக்கணும். அப்படியே மெதுவா இறங்கணும். ரெண்டு பக்கமும். இடது பக்கமும்தான். அவசர பேடா, அவசரமே வேண்டாம். மூணு மாசம் இருக்கு."

பழைய கம்பி ஒன்றை, மேல்பூச்சு கீறல் விழுந்து ஒதுக்கிவைத்ததை, எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பெங்களூர் போய் அதை மூன்று துண்டாகக் கழற்றிச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மொரப்பூர் வண்டிக் கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, போர்வெல் பைப்பா? எத்தனை அடில தண்ணி?"

"இன்னும் எறங்கலைங்க" என்றேன்.

அண்ணன் கொத்தனார். கம்பியை மாட்டித் தந்தது அவர்தான். என்ன ஆட்டம் என்று விவரமாகக் கேட்கவில்லை. போனில் ஒரு வீடியோ காட்டினேன், பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மாட்டுவது என்று வந்ததும் அவருக்கு அது வேலை. இந்தக் கம்பி திருகாணியில் நிற்பதில்லை. கூரைக்கும் தரைக்கும் நடுவே முறுக்கி இறுக்கினால் அந்த அழுத்தத்தில் நிற்பது. அட்டைக் கூரையில் நிற்காது, தூக்கிவிடும். சுத்தியால் கூரையைத் தட்டிக்கொண்டே போய் உள்ளே பீம் ஓடுகிற இடத்தைக் கண்டுபிடித்தார். ரசமட்டம் வைத்துச் செங்குத்துப் பார்த்தார். நான் நெல் மூட்டைகளை வெளியே தள்ளி, பீரோவைச் சுவரோடு ஒட்டினேன். காலை நீட்டிச் சுற்றினால் எதிலும் படக்கூடாது. கிரைண்டருக்கு வேறு இடமில்லை. அதன் மேல் தலையணை கட்டினேன்.

"யாராச்சும் கேட்டா முட்டுன்னு சொல்லிக்கறேன்ணா" என்றேன். கூரை இறங்கினால் கொடுக்கிற முட்டு மாதிரிதான் அது பார்வைக்கு இருந்தது.

அண்ணன் சுத்தியைக் கீழே வைத்துவிட்டார். "என்ன பேச்சு பேசற பாப்பா? இது நான் போட்ட ரூப்பு. நான் போட்ட ரூப்புக்கு முட்டுக் குடுத்திருக்குதுன்னு ஊர்ல ஒருத்தன் சொன்னாப் போதும், எனக்கு எவன் வேலை குடுப்பான்? முட்டுங்கற வார்த்தையே இந்த வூட்ல வரக்கூடாது."

"அப்ப என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. கதவச் சாத்திக்க."

அப்படித்தான் கதவு சாத்தப்பட்டது. ஜன்னலும். இந்த ஆட்டத்துக்குத் தோல்தான் பிடி; தொடையும் முழங்கையின் உட்புறமும் கம்பியில் நேராகப் படாவிட்டால் நிற்க முடியாது. அரைக்கால் சட்டையோடு ஒரு பெண் இருக்கிற அறையின் ஜன்னலை எங்கள் தெருவில் திறந்துவைக்க முடியாது. மாசி மாதமே உள்ளே இட்லிப் பானை மாதிரி இருந்தது. வியர்த்தால் கை வழுக்கும். வழுக்கினால் இறங்க வேண்டும். இறங்கிக் காற்றுக்காக வெளியே போக வேண்டுமென்றால் புடவை கட்ட வேண்டும். ஒரு நாளில் நாலு தடவை புடவை கட்டி அவிழ்த்திருக்கிறேன்.

விழுந்த பிறகு எனக்குச் சில கட்டுப்பாடுகள் வந்திருந்தன. பயத்தில் வந்தவை. கம்பியைத் தொடுவதற்கு முன் கால் மணி நேரம் தோள், மணிக்கட்டு, இடுப்பு எல்லாவற்றையும் சூடு பண்ணுவேன். பிறகு கம்பியின் அடி இறுக்கத்தைக் கையால் சோதிப்பேன், ரசமட்டம் வைப்பேன், உடம்பின் பாதி எடையை மட்டும் கொடுத்து இழுத்துப் பார்ப்பேன். அந்த நாட்களில் உடம்பில் தேங்காய் எண்ணெய் கிடையாது, குளியலில் மஞ்சள் கிடையாது, கையில் வளையல் கிடையாது. வலப்பக்கம் ஒன்று செய்தால் இடப்பக்கமும் அதே ஒன்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். ஒன்று நன்றாக வந்துவிட்டதென்று உடனே அடுத்ததற்குப் போவதில்லை. மூன்று நாள் தொடர்ந்து அது வர வேண்டும். முதல் மாதம் தரையை விட்டு ஒரு அடிக்கு மேல் போகவே இல்லை. கீழே முதலில் இலவம்பஞ்சு மெத்தை போட்டேன், அது அமுங்கிக் கணுக்கால் புரண்டது. பிறகு கெட்டியான தென்னைநார் மெத்தை இரண்டை ஒட்டிப் போட்டேன். கூடத்தில் இருக்கிற மெத்தைக்கு இது ஈடில்லை என்று தெரியும், அதனால்தான் உயரம் போகவில்லை.

தலைகீழாகப் போகிற நாட்களில் மட்டும் ஆள் வேண்டும். அண்ணி வருவார். கதவைத் தாழ் போட்டுவிட்டு, கழுத்தும் முதுகும் தரையில் மோதாமல் எங்கே பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தபடி பக்கத்தில் நிற்பார். வாய் மட்டும் நிற்காது.

"இந்த வயசுல வவ்வாலாட்டம் தொங்கறதுக்கு ஒரு படிப்பு. அதுக்கு பெங்களூர்ல சம்பளம் வேற."

"சிரிக்க வெக்காதீங்கண்ணி, பிடி போயிரும்."

"போவட்டும், பிடிக்கத்தான நான் நிக்கறேன். தொடையில என்னடி இம்மாம் காயம்? பாக்கறவங்க எங்கூட்டுக்காரரு அடிச்சாருன்னு சொல்லப்போறாங்க."

பங்குனி கடைசியில் வலப்பக்கம் ஐந்து எண்ணுகிற வரை நின்றேன். இடப்பக்கம் மூன்று. வீடியோ எடுத்து அனுப்பினேன். சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, காலையில் வந்து காட்டு, மறுநாள் திங்கட்கிழமை பேட்ச் ஆரம்பம் என்று அவள் பதில் அனுப்பினாள். நான் சாக்கைத் தேடி எடுத்துவைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்குப் பன்னிரண்டு நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பண்டிகை வந்தது. எங்கள் ஊரில் பண்டிகை என்றால் கம்பம் நடுவதுதான் ஆரம்பம். மூன்று கிளையாகப் பிரிகிற மரம் ஒன்றை வெட்டி வந்து அம்மனுக்கு எதிரே நடுவார்கள். அது அம்மனின் புருஷன். பதினைந்து நாளும் விடிகாலையில் பெண்கள் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். சாயங்காலம் ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். பதினாறாம் நாள் பிடுங்கிக் கிணற்றில் விடுவார்கள். கம்பம் நிற்கிற வரை, ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைத் தவிர, யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. போகலாம், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். காப்புக் கட்டிக்கொண்டவர்கள் மட்டும் எல்லையையே தாண்டக்கூடாது.

எனக்கு அதில் ஒன்றும் சிக்கல் தெரியவில்லை. கம்பம் நடும் முன்பே கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். நட்ட பிறகு ஊருக்குள் வராதவளுக்குக் கட்டுப்பாடு ஏது?

பண்டிகை சாட்டுவதற்காக வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் திங்கட்கிழமை காலை எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். தர்மகர்த்தா, பூசாரி, இன்னும் இரண்டு பேர். நான் அப்போதுதான் இறங்கிப் புடவை கட்டியிருந்தேன். அண்ணி காற்றுக்காக அறைக் கதவைத் திறந்துவைத்திருந்தார். தர்மகர்த்தா உரக்கடை வைத்திருப்பவர். எதையும் உற்றுப் பார்க்கிற ஆள். வாசலில் நின்றே உள்ளே பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, உள்ள என்னமோ நிக்குது? ரூப்பு எறங்கிருச்சா?"

அண்ணன் முகம் வெளுத்துப்போனது. என்னைப் பார்த்தார். முட்டு என்று சொல்ல முடியாது. ஆடுவதற்கு என்றும் சொல்ல முடியாது. நாலு ஆண்கள், சொட்டச் சொட்ட வியர்த்து நிற்கிற நான், நடுவில் பளபளவென்று கம்பி. என் வாய் தானாகத் திறந்தது.

"வேண்டுதலுங்க. கை ஒடிஞ்சப்ப அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். வூட்ல கம்பம் நடறதா."

யோசித்துச் சொன்னதில்லை. அவர்கள் வாயை அடைக்க அதைவிடப் பெரிய சொல் எதுவும் கிடைக்கவில்லை. அடைந்தது. பூசாரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இரும்புல நட்டிருக்கே?" என்றார் தர்மகர்த்தா.

"பெங்களூர் பழக்கமுங்க" என்றார் அண்ணன். அவ்வளவு வேகமாக அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

"எந்த ஊர்ப் பழக்கமா இருந்தாலும், கம்பம் நட்டவங்க காப்புக் கட்டணுமில்ல?"

மறுநாள் கோயிலில் கம்பம் நட்டபோது பூசாரி தன் கையில் காப்புக் கட்டிக்கொண்டு, அடுத்தபடியாக என்னைக் கூப்பிட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மஞ்சள் துண்டு முடிந்த நூலை இடது மணிக்கட்டில், விரிசல் விழுந்த அதே இடத்தில், கட்டினார். இனி பதினாறு நாளைக்கு நான் ஊர் எல்லையில் இருக்கிற புளியமரத்தைத் தாண்டக்கூடாது. நான் போய்க் காட்ட வேண்டிய ஞாயிறு பதின்மூன்றாம் நாள், பேட்ச் ஆரம்பிக்கிற திங்கள் பதினான்காம் நாள். இரண்டும் உள்ளே.

புதன் விடிகாலையில் கதவைத் தட்டினார்கள். ஒன்பது பெண்கள், குடங்களோடு. நான் தடுப்பதற்குள் முதல் குடம் கம்பியின் மேல் போய்விட்டது. மஞ்சள் தண்ணீரில் வேப்பிலை மிதந்து என் மெத்தைகளின் கீழே புகுந்தது. அடுத்த நாள் மெத்தைகளை முன்னாலேயே தூக்கிச் சுவரில் சாய்த்துவைத்தேன். கோயிலில் ஊற்றிவிட்டு நேராக இங்கே வந்தார்கள். ஐந்தாம் நாள் இருபது பேராகிவிட்டார்கள். குங்குமம் வைத்தார்கள். உச்சியில் மாவிலை கட்ட முடியவில்லையே என்று வருத்தப்பட்டு, ஒருத்தி ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினாள்.

"வழுவழுன்னு இருக்குதுக்கா. சாமிக்குச் சொரசொரன்னு இருந்தாத்தான கையில நிக்கும்?"

"பெங்களூர் சாமி, அப்டித்தான் இருக்கும்" என்றார் அண்ணி. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் போன பிறகு தரையை மூன்று தடவை துடைத்து, பேனைப் போட்டுக் காய வைத்து, அண்ணன் மொரப்பூர் மெடிக்கலில் வாங்கிவந்த ஸ்பிரிட்டால் கம்பியை உச்சி முதல் அடி வரை தேய்ப்பேன். மஞ்சள் போனது மாதிரி இருக்கும். கை வைத்தால் மெல்லிய படலமாக வழுக்கும். மறுபடி தேய்ப்பேன். எல்லாம் முடிய மத்தியானம் ஆகும்; வெயிலில் அறை கொதிக்கும். ஆறாம் நாள் ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது குமிழ் நடுவில் இல்லை. ஈரத்தில் அடி ரப்பர் நகர்ந்திருந்தது. நெல்லளவுதான். ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணன் நேரம் ஒழிந்து கழற்றி, துடைத்து, மறுபடி இறுக்கும் வரை இரண்டு நாள் ஏறவில்லை. அந்த இரண்டு நாளும் சுவரில் கையை ஊன்றித் தோளுக்கும் வயிற்றுக்கும் மட்டும் பயிற்சி செய்தேன். வெளியே நடந்து போனால் புளியமரம் வரை போய்த் திரும்பினேன். மொரப்பூரில் ரயில் ஊதுவது காற்று இந்தப் பக்கம் அடிக்கும்போது கேட்கும். ஊர் ஊராகப் போன காலத்தில் அந்தச் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை.

ஊற்ற வந்தவர்களில் பக்கத்து வீட்டு அக்காவும் ஒருத்தி. அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். முன்னால் இரண்டு தடவை ஏழாம் மாதத்திலேயே போய்விட்டது. இது மூன்றாவது, மாதம் நிறைந்திருந்தது. மற்றவர்கள் ஊற்றிவிட்டுப் பேசிக்கொண்டு போவார்கள். இவள் கடைசியாக நின்று, கம்பியைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருப்பாள்.

"கோயில்ல ஒரே நெரிசல் கண்ணு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியல. உங்க வூட்லதான் நிம்மதியாச் சொல்ல முடியுது. உன் கைய நேர் பண்ணவ எம்புள்ளைக்கும் செய்வா."

ஒரு நாள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவள் என் காப்புக் கையை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

மைசூர்ப் பெண்ணுக்கு போன் செய்து வர முடியாது என்றேன். காரணம் சொன்னேன், எத்தனை நாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கு நம்ப முடியவில்லை, பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு அவளே சமாதானமாகி, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நேரடியாகக் காட்டு என்றாள்.

அந்த ஞாயிறு அண்ணி முந்திக்கொண்டார். விடிகாலையில் வாசலிலேயே நின்று, "நாத்தனா தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டா, இன்னிக்கு உள்ள வரக்கூடாதுங்க" என்று பெண்களைத் திருப்பி அனுப்பினார். மாதவிலக்கு என்று அர்த்தம். கம்பி அன்று காய்ந்து இருந்தது. குமிழ் நடுவில் இருந்தது. கிரைண்டர் மேல் போனைச் சாய்த்துவைத்தோம். அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றார், முதல் தடவையாக வாய் திறக்காமல்.

வலப்பக்கம் ஐந்து. இறங்கி, மூச்சு வாங்கி, கையைத் துடைத்தேன். இடப்பக்கம். தோளைக் கீழே இழுத்து, வயிற்றை உள்ளே வாங்கி, காலை உதைக்காமல் மெதுவாக மேலே கொண்டுபோனேன். கூரை காலடிக்கு வந்தது. அண்ணி வாய்க்குள் எண்ணுவது கேட்டது. மூன்றில் மணிக்கட்டு வலித்தது, ஆனால் கெட்ட வலி இல்லை. விழுந்த அன்று வந்த வலி எனக்கு அடையாளம் தெரியும். நாலு. ஐந்து. வந்த வழியிலேயே மெதுவாக இறங்கிக் கால் விரலைத் தரையில் வைத்தேன்.

போனில் அவள் கை தட்டினாள். "செஞ்சிட்டே அக்கா! நாளைக்குக் காலை ஆறரைக்கு பேட்ச். ராத்திரியே வந்துடு."

"வியாழக்கெழமை வர்றேன் மேடம். புதன்கிழமைதான் கம்பம் பிடுங்குவாங்க."

அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு நான் கிளம்பறேன். கூடத்தை யார் திறக்கறது? பதினோரு பேர் வருவாங்க. மூணு நாள் யார் பாப்பாங்க? அந்த இன்னொரு பொண்ணு நாளைக்கே வர்றேங்கறா."

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

அன்று மத்தியானமே தர்மகர்த்தாவின் உரக்கடைக்குப் போனேன். சுற்றி வளைக்கவில்லை. அது வேண்டுதல் இல்லை, உடற்பயிற்சிக் கம்பி, ஒரு வேலைக்காகப் பழகுகிறேன், நாளைக் காலை பெங்களூரில் இருக்க வேண்டும், காப்பை அவிழ்த்துவிடுங்கள் என்றேன். அவர் யூரியா மூட்டைகளைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எரிச்சல்தான் பட்டார்.

"வேண்டுதல்னு உன் வாயில வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சுங்க."

"பதினொரு நாளா பொம்பளைங்க தண்ணி ஊத்தறாங்களா இல்லையா?"

"ஊத்தறாங்க."

"நீ எதுக்கோ நட்டிருக்கலாம்மா. தண்ணி ஊத்துனது ஊரு. இப்ப அது கம்பம்தான். போறதுன்னா போ, உன் காலப் புடிச்சா வெக்கப் போறேன்? நாளைக்கு அந்தப் பக்கத்தூட்டுப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ பெங்களூர்ல இருப்ப. உங்கண்ணன் இங்கதான் இருப்பான்."

யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. அதுதான் கஷ்டம். ஆறு மணிக்கு மொரப்பூருக்கு பஸ் இருந்தது. அம்மன் கோபிப்பாள் என்ற பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. எத்தனையோ ஊரைவிட்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பியவள் நான். வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வயிற்றைப் பிடித்தபடி வாசலில் மெதுவாக நடை பழகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். உள்ளே போய் போனை எடுத்து, "அந்தப் பொண்ணையே வரச் சொல்லுங்க மேடம்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் குழந்தை பிறந்தது. தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில், சுகப்பிரசவம், ஆண் குழந்தை. புதன்கிழமை கோயில் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டுவிட்டு, பறையோடு எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். முறைப்படி இதையும் கிணற்றில் விட வேண்டும். அண்ணன் குறுக்கே வந்தார்.

"மரம்னா மெதக்கும். இரும்ப விட்டா நேரா மோட்டாரு மேல போயி விழும். அப்புறம் ஊருக்கே தண்ணி இல்லைன்னு என்னத்தான் கேப்பீங்க."

கொஞ்ச நேரம் பேசினார்கள். கடைசியில் பூசாரிக்கு யோசனை வந்தது. சக்தியுள்ள கம்பம், அழியாத கம்பம், கோயில் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வருஷா வருஷம் இதையே இந்த வீட்டில் நடலாம். எல்லோருக்கும் அது பிடித்தது. நான் மூன்று துண்டாகக் கழற்றிக் கொடுத்தேன். ஆளுக்கொன்றாகத் தோளில் வைத்து ஆடிக்கொண்டே போனார்கள். நட்டவள் நீ, அடுத்த வருஷமும் நீதான் வந்து நட வேண்டும் என்றார் பூசாரி, காப்பை அறுத்துவிட்டு.

வியாழக்கிழமை ரயில் ஏறினேன். பழைய வேலைதான் இருந்தது. மாப், வாளி, ஸ்பிரிட். அந்த இன்னொரு பெண் நல்லவள். சாயங்காலம் என்னோடு சேர்ந்து பழகினாள், அவள் தலைகீழாகப் போகும்போது நான் பிடித்தேன், நான் போகும்போது அவள் பிடித்தாள். தையில் அவள் கல்யாணமாகி சென்னைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைப் புதியவர்கள் வகுப்பு எனக்கு வந்தது. ஏழு பேர். முதல் வகுப்பில் அவர்களைக் கம்பியில் ஏறவே விடவில்லை. எப்படி இறங்குவது என்று மட்டும் காட்டினேன். ஒருத்தி சலித்துக்கொண்டாள்.

இந்தப் பங்குனியில் அண்ணன் போன் செய்தார்.

"பாப்பா, பண்டிகை சாட்டிட்டாங்க. செவ்வாக்கெழம கம்பம். நீ வந்துதான் நடணுமாம். பக்கத்தூட்டுக் குழந்தைக்கு அன்னிக்குத்தான் மொட்டை."

"நட்டுட்டு அன்னிக்கே வண்டி ஏறலாமா?"

"தெரியாத மாதிரி கேக்காத. காப்புக் கட்டினா பதினாறு நாளு."

பதினாறு நாளில் இரண்டு ஞாயிறு. ஏழு பேரை வேறு யாரிடமும் விட முடியாது. இப்போதுதான் தலைகீழாகப் போக ஆரம்பித்திருந்தார்கள். "நான் வரலைண்ணா" என்றேன். ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் நினைப்பது எனக்கு இங்கே கேட்டது. பிறகு போன் கை மாறியது. அண்ணி.

"அவரு கெடக்கறாரு. ஏன்டி, நட்டவங்கதான எல்லை தாண்டக்கூடாது?"

"ஆமாங்கண்ணி."

"அப்ப நானே நட்டுக்கறேன் போ. நான் எங்க போவப்போறேன்?"